ஐம்பது நாளைக்கு ஒரு பெட்டி

அந்த மென்பொருள் எங்கள் பார்மசிக்கு வந்து சேர்ந்த முதல் மூன்று மாதம் நான் யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. கண்டி டவுனில், பெரிய தெருவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் சின்னக் கடை அது. பன்னிரண்டு வருடமாக அங்கே மருந்து ஸ்டொக்கைப் பார்ப்பவள் நான். தடித்த அட்டைப் புத்தகத்தில் எழுதி, அழித்து, திரும்ப எழுதி, வருடக் கடைசியில் மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு மாத்திரை மாத்திரையாக எண்ணி முதுகு ஒடிந்தவள். அப்படிப்பட்டவளுக்கு முன்னால் ஒரு பொத்தானை அமுக்கியவுடன் எல்லாச் சாமானும் எத்தனை இருக்கிறது, எப்போது காலாவதியாகும் என்று வரிசையாக வந்து நின்றால் எப்படி இருக்கும்? எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி அதை வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. மருந்துத் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய காலம் அது. ஆட்கள் டொக்டர் மருந்து எழுதிக் கொடுத்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அந்த நேரத்தில் எங்கள் அலுமாரியின் பின்வரிசையில் ஒரு இருதய மருந்துப் பெட்டி யார் கண்ணிலும் படாமல் கிடந்து காலாவதியாகிவிட்டது. அதைக் கையில் எடுத்துப் பார்த்த முதலாளி அன்று பகல் சாப்பிடவில்லை.

"இல்லண்டு செல்லி எத்தின பேர திருப்பி அனுப்பினோம் மகள்" என்று மட்டும் சொன்னார். வேலைக்காரியான என்னை அவர் எப்போதும் மகள் என்றுதான் கூப்பிடுவார். அடுத்த மாதம் மென்பொருள் வந்தது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது திங்கட்கிழமை அறிக்கை. நாற்பத்தைந்து நாளாக ஒன்றுகூட விற்காத மருந்துகளின் பெயர்கள் சிவப்பு எழுத்தில் வரும். அவற்றை விநியோகக் கம்பனிக்குத் திருப்பி அனுப்பினால் தேவைப்படுகிற வேறு கடைக்குப் போய்ச் சேரும். தட்டுப்பாட்டுக் காலத்தில் நல்ல ஏற்பாடுதான். இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பத்தைந்து என்பது மென்பொருளோடு வந்த எண். கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுக்க வந்தவர் சொல்லியிருந்தார். நான் மாற்றவில்லை. கொழும்பில் படித்தவர்கள் யோசித்து வைத்த எண்ணில் கை வைக்க நான் யார் என்று விட்டுவிட்டேன்.

கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். கடையில் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். அவருக்கும் கொம்பியூட்டருக்கும் ஆகாது. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். சில மருந்துப் பெட்டிகளின் ஓரத்தில் அந்தப் பென்சிலால் ஊர்ப் பெயர் எழுதி வைப்பார். ஒன்றில் கலகெதர, ஒன்றில் குண்டசாலை, ஒன்றில் ஹேவாஹெட்ட.

"ஏன் நானா பெட்டியில எல்லாம் கிறுக்கி வைக்கிறீங்க? எழுதின பெட்டிய கம்பனி திருப்பி எடுக்காது, தெரியுமா?" என்று ஒரு நாள் சண்டைக்குப் போனேன்.

"ஒரு ஞாபகத்துக்குத்தான் தங்கச்சி" என்றார்.

எதன் ஞாபகம் என்று நான் கேட்கவில்லை. எந்த ஊருக்குப் போகிற லொறியில் வந்தது என்று குறித்து வைக்கிறார் போலும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு அப்போது ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொறுமை ஏது? எல்லாம்தான் திரையில் இருந்ததே.

பிறகு நானா மகளின் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் லீவில் கலகெதரவுக்குப் போனார். அவர் இல்லாத முதல் திங்கட்கிழமை, அறிக்கையில் பதினேழு பெயர்கள் சிவப்பாக வந்தன. அவற்றில் ஒன்று வலிப்புக்கான மாத்திரை. ஒரே ஒரு பெட்டி. பத்து கார்ட், கார்டுக்குப் பத்தாக நூறு மாத்திரை. வந்து நாற்பத்தாறு நாள், ஒன்றுகூட விற்கவில்லை.

பட்டியலில் கையெழுத்து வாங்க முதலாளியிடம் போனேன். அவர் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்து அந்தப் பெயரில் நின்றார்.

"இது யாருக்கும் போறல்லயா மகள்?"

"நாற்பத்தாறு நாளா ஒண்ணுகூடப் போகல்ல சேர்" என்றேன். எண்ணைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. கையெழுத்துப் போட்டார்.

பெட்டியை எடுத்தேன். ஓரத்தில் ஹேவாஹெட்ட என்று எழுதியிருந்தது. மேசை லாச்சியிலிருந்து அழிறப்பரை எடுத்து அந்த ஊரை அழித்தேன். நானாவின் கை அழுத்தமான கை. நாலைந்து தடவை தேய்க்க வேண்டியிருந்தது. தேய்த்து, ஊதி, துணியால் துடைத்து, புதுப் பெட்டி போல ஆக்கிவிட்டேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. புதன்கிழமை கம்பனி லொறி வந்து பதினேழையும் ஏற்றிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை காலை அந்த அக்கா வந்தார்.

அவரை எனக்கு முகம் தெரியும். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, துவைத்து மடித்த புடவை, கையில் ஒரு துணிப் பை. கவுண்டரில் வேறு ஆட்கள் இருந்தால் உள்ளே வர மாட்டார். எதிர்ப்பக்கம் நிற்பார். கூட்டம் குறைந்ததும் வந்து நானாவிடம் துண்டை நீட்டுவார். மடித்து மடித்துத் தேய்ந்துபோன துண்டு. நோயாளியின் பெயர் இருந்த மூலை கிழிந்திருந்தது. யாரும் கேட்காமலே "வீட்டுக்காரருக்குங்க" என்பார். அன்றைக்கு நானா இல்லாததைப் பார்த்துத் தயங்கிவிட்டு என்னிடம் வந்தார்.

நான் பெயரைத் தட்டினேன். பூச்சியம் என்று காட்டியது.

"ஸ்டொக் இல்ல அக்கா."

"இருக்கும் மிஸ். அந்த அண்ணன் எடுத்து வச்சிருப்பாரு. கொஞ்சம் பாருங்களேன்."

"கொம்பியூட்டர்ல இல்லைன்னா இல்லதான் அக்கா."

சொன்னது மட்டுமில்லை, திரையை அவர் பக்கம் திருப்பியும் காட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் திரையைப் பார்க்கவில்லை. அலுமாரியைப் பார்த்தார். "பெட்டியில எங்க ஊர் பேரு எழுதியிருக்குமே மிஸ்" என்றார் மெதுவாக.

எந்த ஊர் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பின்பக்கம் போய் நானாவுக்குப் போன் எடுத்தேன். கல்யாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது.

"அது அவங்கட பெட்டி தங்கச்சி. நாளைக்கு ரெண்டு மாத்திர. அம்பது நாளைக்கு ஒருக்கா வருவாங்க, முழுப் பெட்டியும் எடுத்துட்டுப் போவாங்க. அடிக்கடி வர பஸ் காசுக்கும் லீவுக்கும் எங்க போற? பேர் கேட்டா பயப்புட்றாங்கண்டுதான் நான் ஊர எழுதி வெச்சேன். வந்துட்டாங்களா? குடுங்க, குடுங்க."

போனை வைத்தேன். ஐம்பது நாளைக்கு ஒருமுறை வருகிறவரை நாற்பத்தைந்து நாளில் வரவில்லை என்று தள்ளியிருக்கிறேன். ஐந்தே நாள். அந்த எண்ணை ஐம்பதோ அறுபதோ ஆக்க எனக்கு அரை நிமிடம் போதும்.

டவுனில் எனக்குத் தெரிந்த எல்லாப் பார்மசிக்கும் போன் எடுத்தேன். பேராதனைப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், ஓரிடத்திலும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இல்லை என்றுதான் அவருக்கு வெளியில் வாங்கத் துண்டே கொடுத்திருந்தார்கள். வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் என்னவாகும் என்று பார்மசியில் பன்னிரண்டு வருடம் இருந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"வீட்டுல இன்னும் எத்தன நாளைக்கு இருக்கு அக்கா?"

"மூணு நாளைக்கு இருக்குங்க" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். உங்கள் பெட்டியை நான்தான் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள்தான் நான், அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தப்பு எங்க மேலதாங்க மிஸ். போன வெள்ளிக்கிழமையே வந்திருக்கணும். கங்காணி லீவு குடுக்கல. இல்லைன்னா பெட்டி இருந்திருக்கும்."

அதைக் கேட்டபிறகு என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. கிடைத்ததும் அறிவிக்கிறேன், போன் நம்பரைத் தாருங்கள் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். "போன் அவரு கையில இருக்கும் மிஸ்." சரி, இங்கேயே உட்காருங்கள், பெட்டி எங்கே போனதோ அங்கே போய் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போனால்தான் இருட்டுமுன் வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்போது பத்தரை. அவரைக் கடையின் உள்பக்கம் ஒரு கதிரையில் உட்காரவைத்து, முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு திரீவீலரைப் பிடித்துக்கொண்டு பல்லேகலைக்குப் புறப்பட்டேன்.

கம்பனியின் மருந்துக் களஞ்சியம் கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி, தொழிற்பேட்டைக்குள் இருந்தது. உள்ளே போவதற்கே வாயிலில் முக்கால் மணித்தியாலம் நிற்க வைத்தார்கள். களஞ்சியப் பொறுப்பாளர் என் வயதுக்காரர், சிங்களவர், கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது. நான் விஷயத்தைச் சிங்களத்தில் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டார். திரும்பி வந்த பெட்டிகளை வலைக்கம்பிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். அவரே போய்த் தேடி எடுத்துக்கொண்டும் வந்தார். என் பெட்டிதான். எனக்கு உயிர் வந்தது.

ஸ்கேனரை அதன் மேல் பிடித்தார். திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"திரும்பி வந்த சரக்கு. கொழும்பு ஒத்துக்கொள்ளும் வரைக்கும் என் ஸ்டொக்கில் இது இல்லை மிஸ். இல்லாததை நான் எப்படி விற்பது?"

"உங்கள் கையில் இருக்கிறதே!"

"கையில் இருக்கிறது. கொம்பியூட்டரில் இல்லை."

காலையில் நான் அந்த அக்காவிடம் சொன்னதை அப்படியே ஒருவர் எனக்குச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன பேசினேன் என்று ஒழுங்காக ஞாபகம் இல்லை. ஒரு மனிதர் மூன்று நாளில் விழப்போகிறார் என்றேன். உங்கள் கொம்பியூட்டர் வந்து தூக்கிவிடுமா என்றேன். அங்கே பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கடைசியில் பேச்சு நின்று கண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் அழுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிற கெட்ட பழக்கம்.

அவர் கோபிக்கவில்லை. கொழும்புக்கு இரண்டு தடவை போன் எடுத்தார். ஒத்துக்கொள்ள வேண்டிய அதிகாரி திங்கட்கிழமைதான் வருவாராம். போனை வைத்துவிட்டுப் பெட்டியைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதில் ஏதோ எழுதி அழித்திருக்கிறீர்களே. தமிழிலா?"

நான் அழித்த இடம் மற்ற அட்டையைவிட மினுமினுத்தது. எழுத்துப் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. போச்சு, இதையும் பிடித்துக்கொண்டு இன்னொரு சிக்கல் என்று எனக்குப் பயம் வந்தது.

"தெரியாது" என்று பொய் சொன்னேன்.

"எழுதிய பெட்டியை நாங்கள் திருப்பி எடுப்பதில்லை மிஸ். அது எங்கள் சட்டம். புதன்கிழமை பொறுப்பேற்றவர்கள் கவனிக்கவில்லை." முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் லாச்சியைத் திறந்து ஒரு மஞ்சள் துண்டுப் புத்தகத்தை எடுத்தார். "இதை ஏற்க மாட்டோம். தயவுசெய்து நீங்களே கொண்டு போய்விடுங்கள்."

எனக்கு விளங்க இரண்டு நிமிடம் பிடித்தது. எங்கள் பார்மசி எழுதி அழித்த பெட்டியை அனுப்பியது என்று ஒரு கடதாசியில் எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை. கும்பிட்டேன். "போங்க மிஸ், போங்க" என்று கையை ஆட்டினார்.

திரும்பும்போது வெள்ளிக்கிழமை நெரிசல். திரீவீலர் ஊர்ந்துகொண்டு போனது. கடை வாசலில் இறங்கும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. ஜும்ஆத் தொழுகைக்குச் சாத்திய கடையை அப்போதுதான் திறந்திருந்தார்கள். உள்ளே ஒரு கூட்டம் நின்றது. யாரோ சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "கையில இரும்பக் குடுங்க" என்று கத்தினார்.

"ஒண்டும் குடுக்க வாணாம்! தள்ளுங்க, காத்து வரட்டும்!" அது முதலாளியின் குரல். அவர் சத்தம் போட்டு அதுவரை நான் கேட்டதில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். அந்த அக்கா தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். தொழுகைத் தொப்பியோடு முதலாளி பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தன் தோளில் கிடந்த சால்வையை மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்திருந்தார். உடம்பின் உதறல் அடங்கிக்கொண்டு வந்தது. நெற்றித் திருநீறு தரையில் இழுபட்டிருந்தது.

கையில் பெட்டியோடு நான் மரம் மாதிரி நின்றேன். வீட்டுக்காரருக்கு என்று அவர் சொன்ன மருந்து அவருக்கே உரியது. மூன்று நாளைக்கு இருக்கிறது என்றதும் பொய். முடிந்து எத்தனை நாளோ. பெயர் இருந்த மூலை ஏன் கிழிந்திருந்தது, போன் வீட்டுக்காரர் கையில் இருந்தால் இவருக்கு என்ன பயம், எல்லாம் எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. முன்பே விளங்கியிருக்க வேண்டும். நான் எங்கே அவர் முகத்தைப் பார்த்தேன், திரையை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி கூட்டத்தை வெளியே அனுப்பிக் கதவைப் பாதி இறக்கினார். கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணை விழித்தார். தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது. தெரிந்ததும் முதலில் புடவையைச் சரிசெய்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, வீட்டுல யாருக்கும் சொல்லிறாதீங்க. இது இருக்குன்னு தெரியாமத்தான் என்னைக் கட்டுனாரு. அம்மா மறைச்சுத்தான் கட்டி வச்சாங்க. இப்ப தெரிஞ்சா என்ன நினைப்பாரு? கோயிலுக்குன்னு சொல்லிட்டுத்தான் வாறேன்."

காலையில் மிஸ்ஸாக இருந்தவள் இப்போது தங்கச்சி ஆகியிருந்தேன். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று அவர் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். போனால் வீட்டுக்கு அறிவிப்பார்கள் என்று அந்த அக்கா எழுந்து நிற்கவே ஆரம்பித்துவிட்டார். கடைசியில் முதலாளி தெரிந்த டொக்டர் ஒருவரோடு போனில் பேசி, அவர் சொன்னபடி மாத்திரையைக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் படுக்கவைத்தார். அடுத்த கிளினிக்குக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று சத்தியம் வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கூடப் போங்க மகள்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் போயிருப்பேன்.

மூன்றரை பஸ் போய்விட்டது. அடுத்ததில் ஏறினோம். ஜன்னல் பக்கம் வேண்டாம் என்று அவரை உள்பக்கம் உட்காரவைத்தேன். தலாத்துஓயா தாண்டியதும் பஸ் மேலே ஏற ஆரம்பித்தது. அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பெட்டி துணிப் பையின் அடியில், கோயில் பிரசாதப் பொட்டலத்துக்குக் கீழே இருந்தது. உண்மையிலேயே காலையில் கோயிலுக்கும் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார், பொய்யை முழுப் பொய்யாக விட மனமில்லாமல். எனக்கு அந்தப் பட்டியலின் மற்றப் பதினாறு பெட்டிகளும் ஞாபகம் வந்தன. அவை யார் யாருடையவோ. நானா லீவு முடிந்து வந்ததும் முதல் வேலையாக அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு மருந்துக்கும் நேரே ஊர்ப் பெயரை நான் தட்டி வைத்தேன், நாற்பத்தைந்தையும் மாற்றினேன். அது பிறகு நடந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு இருந்ததெல்லாம் பயம்தான். இந்த உடம்போடு, இந்த வளைவுகளில், எத்தனை வருடமாக இவர் தனியாக வந்து போயிருக்கிறார்? எத்தனை சரிவுகளில் கூடையோடு ஏறியிருக்கிறார்? பக்கத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்று அவர் மேல் கோபம்கூட வந்தது.

தோட்டத்துக்குப் பிரியும் பாதையில் இறங்கியபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. ரோட்டோரத்துத் தேநீர்க் கடை வாசலில் ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் வேகமாக வந்து பையை வாங்கிக்கொண்டார். அவர்தான் கணவர். மெலிந்த மனிதர். பெக்டரியில் வேலை செய்பவர், சட்டையில் தேயிலைத் தூள் வாசம் வந்தது.

"கோயில்ல கூட்டம். லேசா தலை சுத்திருச்சு. இந்தத் தங்கச்சிதான் பாவம், கூட்டிக்கிட்டு வந்தாங்க" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

"வெயில்ல நின்னிருப்ப. சாப்பிட்டியா?" என்று மட்டும் அவர் கேட்டார். தலையை ஆட்டினார் அக்கா. "சரி, நீ மெதுவா முன்னுக்கு நட. பக்கத்து வீட்டுப் புள்ள அங்கன நிக்கிறா, அவகூடப் போ. நான் இவங்களை டவுன் பஸ்ஸில ஏத்திட்டு வாறேன்."

அக்கா போகுமுன் என் கையை ஒருமுறை அழுத்தினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் அழுத்தினேன்.

நானும் அவரும் பாதையோரம் நின்றோம். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மனைவியின் உருவம் முடக்கில் திரும்பும் வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையின் பிடியைத் தடவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மாத்திரை கிடைச்சிச்சுங்களா?"

எந்த மாத்திரை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அவ சொல்லியிருக்க மாட்டா, தெரியும். நீங்களும் சொல்ல வேணாம். போன வாரமே முடிஞ்சிருச்சுங்க. வெறும் கார்ட் அரிசி டின்னுக்குப் பின்னால கிடந்திச்சு. இன்னைக்குக் கோயிலுக்குப் போறேன்னதும்தான் எனக்கு மூச்சு வந்திச்சு. மூணரை பஸ்ஸில காணலன்னதும் வேலையைப் போட்டுட்டு வந்து இங்கனயே நிக்கிறேன்."

"உங்களுக்கு எப்ப இருந்து தெரியும் அண்ணே?"

"கட்டுன ரெண்டாவது மாசமே தெரியும். தூக்கத்துல வந்திச்சு. காலையில அவளுக்கு ஞாபகம் இல்ல. நானும் கேக்கல. மறைக்கிறாளே, பயந்துபோயிருக்கா, அவளா சொல்லட்டும்னு இருந்துட்டேன்." மனைவி திரும்பிய முடக்கைப் பார்த்தார். "பதினெட்டு வருஷமாச்சு."

பஸ்ஸின் வெளிச்சம் மேலே வளைவில் தெரிந்தது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேனா காக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"கிடைச்சிருச்சு அண்ணே" என்றேன். "அம்பது நாளைக்கு இருக்கு."

அவர் விரலை மடித்து மடித்து எண்ணிப் பார்த்தார். ரோட்டின் நடுவுக்கு இறங்கிக் குடையை நீட்டிப் பஸ்ஸை மறித்தார். நான் ஏறிய பிறகு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"அம்பதுக்கு ஒரு வாரம் முந்தியே, ஒரு வெள்ளிக்கிழமையாப் பார்த்து, கோயிலுக்குப் போயிட்டு வான்னு நானே சொல்லி அனுப்புறேங்க" என்றார்.